எரேமியா, ஏழாம் பாடம்

எங்கள் தபால்வழி வேதப் பள்ளியில் இப்போது பதில்தாள்களைக் கம்ப்யூட்டர் திருத்துகிறதாம். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே அ, ஆ, இ, ஈ என்று நாலு வட்டம். சரியானதைக் கறுப்பாக்கி அனுப்பினால் போதும். போன மாதம் அங்கே புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்கள் காக்ஸ் டவுனில் என் வீடு தேடி வந்தார்கள். "அக்கா, நீங்க கையால திருத்தின காலத்தைப் பத்தி ஒரு பக்கம் எழுதிக் குடுங்க, செய்திமடல்ல போடுறோம்" என்றார்கள். சரி என்று உட்கார்ந்தேன். ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. மடலில் போட முடியாவிட்டால் அவர்களாவது வாசிக்கட்டும்.

நான் அங்கே சேர்ந்தது 1991-இல். அதற்கு முன்பு ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். கம்பெனியை மூடிவிட்டார்கள். எனக்கு நாற்பத்து நாலு வயது, கல்யாணம் ஆகவில்லை, வீட்டில் அம்மா மட்டும். லிங்கராஜபுரம் மெயின் ரோட்டில் ஒரு பேக்கரிக்கு மேலே இரண்டு அறைகள், அதுதான் பள்ளி. இலவசமாகத் தமிழில் வேதபாடம் அனுப்புவோம். படித்துவிட்டுக் கேள்விகளுக்குப் பதில் எழுதி அனுப்புவார்கள். திருத்தி, அடுத்த பாடத்தோடு திருப்பி அனுப்ப வேண்டும். கோலார் தங்கவயல், நீலகிரி எஸ்டேட், பட்டாளம், ஜெயில் என்று எங்கெங்கிருந்தோ உறைகள் வரும். எழுதியவர்களில் பாதிப் பேர் கிறிஸ்தவர்களே இல்லை. எங்கேயோ பஸ்ஸில் கிடந்த துண்டுத்தாளைப் பார்த்து எழுதிப் போட்டவர்கள்.

வேலை பழக மூன்று வாரம் ஆயிற்று. விதிகளைச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் இயக்குநர் ஞானமுத்து ஐயா, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். சிவப்பு மை கூடாது. "பள்ளிக்கூடத்துல அடி வாங்கினவன் சிவப்பைப் பார்த்தாலே புஸ்தகத்தை மூடிருவான்" என்பார். தப்பான பதிலுக்குக் குறுக்கே கோடு போடக் கூடாது. பக்கத்தில் அதிகாரமும் வசனமும் எழுதி 'மறுபடி வாசிக்கவும்' என்று மட்டும் எழுத வேண்டும். பதில்தாளில் வந்த தேதியின் முத்திரை குத்தி, அது வந்த உறையையும் பின்னால் பின் அடித்து வைக்க வேண்டும். பெயர் எழுத மறந்தவர்கள், ஊர் எழுத மறந்தவர்கள் நிறைய உண்டு. தபால் முத்திரையை வைத்துத்தான் தேடுவோம். திருத்துகிறவர் கையெழுத்துப் போடக் கூடாது, எண் மட்டும் போட வேண்டும். என் எண் நாலு.

ஒவ்வொரு பாடத்திலும் கடைசிக் கேள்விக்கு மார்க் கிடையாது. 'இந்தப் பாடத்தை வாசிக்கும்போது உங்களுக்கு எழுந்த கேள்வி என்ன?' பலர் அதை வெறுமனே விட்டுவிடுவார்கள். சிலர் அதற்காகவே பாடம் படித்தார்கள் என்று தோன்றும். கணவன் குடிக்கிறான், பிள்ளை பேசவில்லை, செத்துப்போன அப்பா எங்கே இருப்பார். இவற்றுக்குப் பதிலாக அச்சடித்த அட்டைகள் இருபத்திரண்டு வகை வைத்திருந்தோம். கேள்விக்கு ஏற்ற அட்டையை எடுத்து உள்ளே வைக்க வேண்டும். எந்த அட்டையும் பொருந்தாவிட்டால் ஐயாவின் மேஜைத் தட்டில் வைத்துவிட வேண்டும். நாமாக எதுவும் எழுதக் கூடாது. சேர்ந்த புதிதில் ஒரு பெண்ணுக்கு நான் ஓரத்தில் ஏழெட்டு வரி ஆறுதல் எழுதியிருந்தேன். ஐயா அதைப் பார்த்துவிட்டார். அவர் சத்தம் போட மாட்டார். கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். சாதாரணமாக 'ரூபிம்மா' என்று கூப்பிடுகிறவர், "மிஸ் ரூபி, நீங்க பதிலைத் திருத்துங்க. ஆளைத் திருத்தாதீங்க" என்றார். 

அந்த வருஷக் கடைசியில் காவிரித் தண்ணீர்த் தகராறு வந்தது, கன்னட நாட்டில் இருந்த தமிழர்கள் பயந்து கிடந்தோம். எங்கள் பக்கத்தில் கடைகள் அடைத்துக் கிடந்தன. ஐயா தானே ஸ்டூல் போட்டு ஏறித் தமிழ்ப் பலகையைக் கழற்றிப் பழைய போர்வையில் சுற்றி மேஜைக்கு அடியில் தள்ளினார். கீழே பேக்கரிக்காரர், கன்னடக்காரர்தான், "மேஷ்ட்ரே, நாவு இத்தீவி" என்று சொல்லிக்கொண்டே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். 'நாங்கள் இருக்கிறோம்' என்று அர்த்தம். தபால் நின்றுபோன அந்த நாட்களில் ஐயா வீட்டிலிருந்தே எரேமியா தீர்க்கதரிசியைப் பற்றிப் பன்னிரண்டு பாடங்கள் எழுதினார். திரும்பி வந்ததும் நோட்டை என்னிடம் கொடுத்து நகல் எடுக்கச் சொன்னார்.

"எரேமியாவா ஐயா? ஜனங்க ஓடிப்போயிடுவாங்க. எப்பப் பார்த்தாலும் அழுறவராச்சே" என்றேன்.

"நாப்பது வருஷம் பேசி ஒருத்தனும் கேக்கலைன்னா நீயும்தான் அழுவே, எழுதும்மா."

எழுதினேன். அந்த நோட்டை எழுதியபோதுதான் எரேமியாவை நான் முதன்முதலாக ஒரு மனுஷனாகப் பார்த்தேன். 'நான் சின்னப் பையன், எனக்குப் பேசத் தெரியாது' என்று ஒதுங்கியவர். கல்யாணம் செய்துகொள்ளாதே என்று சொல்லப்பட்டவர். சொந்த ஊர்க்காரர்களே கொல்லப் பார்த்தார்கள். ராஜாவுக்கு எழுதியனுப்பிய சுருளை ராஜா குளிர்காயும் நெருப்பில் துண்டுதுண்டாக அறுத்துப் போட்டான். அவர் மறுபடி உட்கார்ந்து அதையே இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொல்லி எழுதவைத்தார். பட்டணம் விழப்போகிறது என்று சொன்ன குற்றத்துக்காகச் சேறு நிறைந்த கிணற்றில் இறக்கினார்கள். பட்டணம் விழுந்தது. அப்போதாவது 'நான் சொன்னேனே' என்று அவர் சந்தோஷப்படவில்லை. அதற்கு முன்பே சிறைபிடித்துப் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார்: போன இடத்தில் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்த ஊர் நன்றாக இருக்க ஜெபம் பண்ணுங்கள், அது நன்றாக இருந்தால்தான் நீங்களும் நன்றாக இருப்பீர்கள். அந்தப் பாடத்தை நகல் எடுத்தபோது ஜன்னலுக்கு வெளியே போலீஸ் வேன் நின்றுகொண்டிருந்தது.

ஏழாம் பாடம் அனனியாவைப் பற்றியது. எரேமியா கழுத்தில் ஒரு மர நுகத்தை மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தார். பாபிலோன் ராஜாவுக்கு அடங்கித்தான் ஆக வேண்டும் என்று ஜனங்களுக்குக் காட்டுவதற்காக. அனனியாவும் தீர்க்கதரிசிதான். அவன் எல்லோர் முன்னாலும் அந்த நுகத்தை எடுத்து முறித்துப்போட்டு, 'இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும்' என்றான். ஜனங்களுக்கு அது இனித்தது. எரேமியாவும், 'ஆமென், நீ சொல்கிறபடியே ஆகட்டும்' என்றுதான் முதலில் சொன்னார். ஆனால் அது நடக்கவில்லை.

எங்கள் ஊர் எல்லையில் தொழிற்சாலைகள் நிறைந்த பொம்மசந்திராவிலிருந்து ஏழுமலை என்பவர் எழுத ஆரம்பித்தது 1996-இல். கிருஷ்ணகிரிப் பக்கம் ஊர். பத்தாவது வரை படிப்பு. ஒரு தகட்டு வேலைத் தொழிற்சாலையில் லைன் லீடர். குட்டி எழுத்து, நேர்கோடு. ஒவ்வொரு தாளும் 'மதிப்பிற்குரிய நான்காம் எண் ஐயா அவர்களுக்கு' என்று ஆரம்பிக்கும். நான் ஐயா இல்லை என்று தெரிவிக்க விதியில் இடமில்லை. அவர் தாள் வந்தால் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வேன், வீட்டில் இனிப்பைக் கடைசிக்கு வைத்துச் சாப்பிடுவதுபோல.

ஏழாம் பாடத்தில் அவருக்கு முழு மார்க். கடைசிக் கேள்விக்குக் கீழே இடம் போதாமல் தாளின் பின்பக்கம் வரைக்கும் எழுதியிருந்தார். அவர் எழுதியது இது: எங்கள் பட்டறை ஷாப்பில் பவர் பிரஸ் இருக்கிறது, தகட்டை ஒரே அடியில் வெட்டும். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒன்றாக அமுக்கினால்தான் இறங்கும். அப்போதுதான் கை உள்ளே இருக்காது. உருப்படி வேகமாக வர வேண்டும் என்று சூப்பர்வைசர் சொல்லி ஒரு பட்டனில் மரத்துண்டை இறுக்கி வைத்திருக்கிறார்கள். இப்போது ஒரு கையால் தகட்டை வைத்துக்கொண்டே மறு கையால் அமுக்குகிறார்கள். தினமும் காலையில் மிஷின் செக் ஷீட்டில் 'பட்டன் சரி' என்று டிக் போடுகிறவன் நான்தான். கடைசியில் இப்படி இருந்தது: 'எரேமியாவும் அது நடக்கட்டும் என்றுதானே ஆசைப்பட்டார். நானும் ஒன்றும் ஆகாது என்றுதான் நினைக்கிறேன். ஐயா, டிக் போடுகிற நான் அனனியாவா?'

தாளில் ஆறாம் தேதி போட்டிருந்தார். எங்களுக்கு வந்தது ஒன்பதாம் தேதி. முத்திரை குத்தினேன். இருபத்திரண்டு அட்டைகளையும் புரட்டினேன். வேலை கிடைக்காதவருக்கு அட்டை இருந்தது. வேலையில் இருப்பவருக்கு இல்லை. ஐயாவின் தட்டில் வைத்தேன். ஐயா மதுரையில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். வர இருபதாம் தேதி ஆகும்.

தினமும் காலையில் வந்ததும் அந்தத் தட்டைப் பார்ப்பேன். இந்நேரம் அவர் டிக் போட்டுக்கொண்டிருப்பார் என்று நினைப்பேன். பஸ்ஸில் என் பக்கத்தில் நிற்கிறவர்களின் விரல்களைப் பார்ப்பேன். பதினேழாம் தேதி என்னால் தாங்க முடியவில்லை. தாளைத் தட்டிலிருந்து எடுத்தேன். அவர் கேள்விக்குக் கீழே, 'இனி டிக் போடாதீர்கள். உண்மையை எழுதுங்கள்' என்று எழுதினேன். தேதியும் நாலும் போட்டேன். பின்பக்கத்தோடு எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்துப் பிரதியை அவருக்கு அனுப்பினேன். தட்டுக்குப் போன தாளின் மூலம் எங்களிடமே இருக்க வேண்டும் என்பது விதி, அதை உறையோடு ஃபைலில் வைத்தேன்.

அடுத்த மாதம் முதல் வாரத்தில் ஒரு நாள், ஒல்லியான ஓர் ஆள் கையில் ரெக்சின் பையோடு மாடிப்படி ஏறி வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும்.

"வணக்கங்க. பொம்மசந்திராலேருந்து வர்றேன், ஏழுமலை. நாலாம் நம்பர் ஐயா இருக்காருங்களா?"

 "அவர் இன்னைக்கு வரல" என்றேன்.

உள்ளே இருந்து ஐயா எட்டிப் பார்த்தார். அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். பேக்கரியிலிருந்து டீ சொன்னார். நான் என் மேஜையில் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டேன். வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்களாம். செக் ஷீட்டில் டிக் போடாமல் 'ஒரு பட்டன் அடைத்திருக்கிறது' என்று தினமும் எழுதினாராம். சூப்பர்வைசர் கூப்பிட்டு எச்சரித்தாராம். மாதக் கடைசியில் கணக்கைத் தீர்த்து அனுப்பிவிட்டார்களாம். அறையைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போகிறார்.

"பாடம் பழைய விலாசத்துக்குப் போயிடக் கூடாது பாருங்க, அதான் நேர்ல சொல்லிட்டுப் போலாம்னு. வேற வேலை கெடைச்சதும் புது விலாசம் எழுதுறேன். நாலாம் நம்பர் ஐயாவைப் பார்த்தா சந்தோஷமா இருக்கும்னு நெனச்சேன்."

அவர் போன பிறகு ஐயா வந்து என் எதிரில் நின்றார். கையில் ஏழுமலையின் ஏழாம் பாடத் தாள்.

"மிஸ் ரூபி. இது நீங்க எழுதினதா?"

"ஆமா ஐயா."

"எழுதினது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். எங்கிட்ட வந்திருந்தா நானும் அதைத்தான் எழுதியிருப்பேனோ என்னவோ. ஆனா அதுக்கான பலனை அனுபவிக்கிறது நீங்களும் இல்ல, நானும் இல்ல. மாடிப்படி இறங்கிப் போறாரே, அவர்." தாளை என் மேஜையில் வைத்தார். "அதைவிட, 'இன்னைக்கு வரல'ன்னீங்களே. அது என்ன?"

 அதன் பிறகு ஏழுமலையின் தாள்கள் வந்தால் இரண்டாம் எண் திருத்துநரிடம் தள்ளிவிட்டேன். அவர் ஊரில் கல்யாணம் செய்துகொண்டு, மறுபடி பொம்மசந்திராவுக்கே வந்து, வேறொரு தொழிற்சாலையில் சேர்ந்திருந்தார் என்பது அந்தத் தாள்களின் விலாசத்திலிருந்து தெரிந்தது. பன்னிரண்டு பாடமும் முடித்தார். சான்றிதழில் அவர் பெயரை அழகான எழுத்தில் எழுதியவள் நான். அவ்வளவு தைரியம்தான் எனக்கு இருந்தது.

ஒரு வருஷம் கழித்து இன்னொருவர் படியேறி வந்தார். பெயர் நாகராஜ், சாமராஜநகர்ப் பக்கத்துக் கன்னடக்காரர். வலது கையைச் சட்டைக்குள் மறைத்து வைத்திருந்தார். ஐயா நாற்காலி காட்டியதும் மறந்துபோய் அதே கையால் இழுத்தார். மூன்று விரல்கள் இல்லை.

அவரும் ஏழுமலையும் பழைய அறையில் ஒன்றாக இருந்தவர்கள். ஏழுமலைக்கு வேலை போன நாலாவது மாதம் அதே பிரஸ்ஸில் விபத்து. நஷ்டஈடு கேட்டு லேபர் ஆபீஸில் வழக்கு. பாதுகாப்புப் பட்டனைத் தொழிலாளியே வேண்டுமென்று அடைத்தான், கம்பெனிக்குத் தெரியாது என்று முதலாளி தரப்பில் சொல்கிறார்கள். ஏழுமலை எழுதிய செக் ஷீட்டுகளைக் காட்டினால், லீவு கொடுக்காத கோபத்தில் அவன் முன்தேதி போட்டுக் கற்பனையாக எழுதியது என்கிறார்கள்.

"அவன் உங்களுக்கு எழுதினான் சார். நான் பக்கத்துல உக்காந்து பார்த்தேன். அந்த லீவுச் சண்டைக்கு முன்னாடி" என்றார் நாகராஜ் கன்னடத்தில். "அந்தக் காகிதம் இருக்கா?"

இருந்தது. உறை இருந்தது. தபால் முத்திரை இருந்தது. நான் குத்திய ஒன்பதாம் தேதி இருந்தது.

நிர்வாகக் குழுவில் ஒருவர் ஐயாவிடம், "நமக்கு எதுக்கு வம்பு? இத்தனை வருஷம் கழிச்சுத் தமிழ்ப் பலகையை மறுபடி மாட்டியே கொஞ்ச நாள்தான் ஆகுது. மாணவர் எழுதுற தாளை வெளியில காட்டுறதில்லைன்னு விதியே இருக்கே" என்றார்.  மூன்றாம் நாள் ஐயா என்னைக் கூப்பிட்டார்.

"ரூபிம்மா, அந்தத் தாள் நம்மளுது இல்ல. ஏழுமலையோடது. குடுக்கலாமா வேண்டாமான்னு அவர்தான் சொல்லணும். நீ போய்க் கேட்டுட்டு வா. கேளு, அவ்வளவுதான்."

'அவ்வளவுதான்' என்பதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது. இரண்டு பஸ் மாறி ஓசூர் ரோட்டில் போய் இறங்கி, விசாரித்து, வரிசையாக இருந்த ஓட்டு வீடுகளில் ஒன்றைக் கண்டுபிடித்தேன். ஞாயிற்றுக்கிழமை. ஏழுமலை வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி கற்பகத்துக்கு ஏழாம் மாதம் இருக்கும்.

"நாலாம் நம்பர் நான்தாங்க" என்றேன். "அன்னைக்கு நீங்க வந்தப்ப இல்லைன்னு பொய் சொன்னேன்."

துடைத்துக்கொண்டிருந்த துணியோடு அப்படியே நின்றார். பிறகு வெட்கமாகச் சிரித்தார். "ஐயா, ஐயான்னு எழுதிட்டேனேங்க! உள்ள வாங்கக்கா. இப்பல்லாம் வேற நம்பர் வருதே, ஐயா மாறிப் போயிட்டாரோன்னு இவகிட்ட சொல்லிட்டிருந்தேன்."

விஷயத்தைச் சொன்னேன். சொல்லி முடித்ததும் வாயை மூடிக்கொண்டேன். 'சொல்லுங்கள், சாட்சி சொல்லுங்கள்' என்று நெஞ்சுக்குள் ஒரு குரல் அடித்துக்கொண்டே இருந்தது. கற்பகம் கொடுத்த காபியைக் குடித்தபடி அதை அடக்கினேன்.

"இப்ப இருக்கிற கம்பெனியும் அதே ரோட்டுலதாங்க இருக்கு" என்றார் ஏழுமலை. "மொதலாளிங்க ஒருத்தருக்கொருத்தர் பழக்கம். நான் போய் நின்னா இங்கயும் தெரிஞ்சிடும்." மனைவியின் வயிற்றை ஒரு தரம் பார்த்தார். 

கற்பகம்தான் பேசினாள். "நாகராஜண்ணன் நம்ம கல்யாணத்துக்கு வந்து பந்தி பரிமாறினாரே, எந்தக் கையால பரிமாறினாரு?"

ஏழுமலை கையிலிருந்த சைக்கிள் துணியை மடித்தார்.

"எனக்கு ஞாபகம் இருக்கு. எனக்குச் சாம்பார் ஊத்தினாரு" என்றாள். "போய்ச் சொல்லிட்டு வாங்க. ஆனா ஒண்ணு, அப்புறம் வேலை போச்சேன்னு மூலைல உக்காரக் கூடாது. ஆமா."

"தாளைக் குடுத்துடுங்கக்கா. நானும் வர்றேன்" என்றார் ஏழுமலை.

விசாரணை நாளில் நானும் சாட்சி. தாளில் முத்திரை குத்தியது நான்தானே. ஒரு நீள மேஜை, அதன் பின்னால் அதிகாரி. நடுத்தர வயதுக்காரர், நெற்றியில் விபூதிப் பட்டை. பேச்செல்லாம் கன்னடம், நான் தமிழில் எழுதுகிறேன். பதில்தாளை வாசித்துக் கன்னடத்தில் சொல்லச் சொன்னார். 'டிக் போடுகிற நான் அனனியாவா' என்ற இடம் வந்ததும் கையை நீட்டி நிறுத்தினார்.

"யார் இந்த அனனியா? கம்பெனி ஆளா?"

யாரோ சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்த மேஜைக்கு முன்னால் நின்று எரேமியாவின் கதையைச் சொன்னேன்: நுகத்தை, அது முறிந்ததை, எல்லாம் சரியாகிவிடும் என்று ஒருவன் சொன்னதை, ஜனங்கள் அதை நம்பியதை. என் கன்னடம் காய்கறிக்கடைக் கன்னடம். தீர்க்கதரிசிகளைப் பற்றி அதில் நான் பேசியதே இல்லை. அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"பட்டணம் என்ன ஆச்சு?"

"விழுந்துபோச்சு சார்."

"ம்" என்றார். "ஹேளி, மேலே சொல்லுங்க."

கம்பெனி வக்கீல் எழுந்தார். "இதுக்கு நீங்க பதில் எழுதினீங்களா அம்மா?"

தாளில் என் எழுத்து அவர் கண் முன்னால்தான் இருந்தது. "எழுதினேன். இனி டிக் போடாதீர்கள், உண்மையை எழுதுங்கள் என்று எழுதினேன். எழுதினது நான்தான்."

வக்கீல் அதிகாரியின் பக்கம் திரும்பினார். "கவனிக்கணும் சார். இந்த செக் ஷீட்டெல்லாம் வெளியாள் தூண்டிவிட்டு எழுதவெச்சது. தொழிற்சாலையை இவங்க பார்த்ததுகூட இல்லை."

 என் ஒரு வரியால் ஒரு மனுஷருக்கு வேலை போனது. இப்போது இன்னொருவருடைய வழக்கும் கெடப் போகிறது என்று நினைத்தேன். அடுத்து ஏழுமலையைக் கூப்பிட்டார்கள். வக்கீல் அதையே கேட்டார்: "இந்த அம்மா சொல்லித்தானே எழுதினீங்க?"

"இல்லீங்க சார்."

"அவங்களே ஒத்துக்கிட்டாங்களே. காப்பாத்தப் பார்க்காதீங்க."

"யாரும் சொல்லலைங்க. நான் பார்த்தேன், எழுதினேன்."

எனக்காகப் பொய் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அதிகாரி செக் ஷீட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பினார். ஒரு தாளில் விரலை வைத்துக்கொண்டு என் பதிலை இழுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"இந்த அம்மா எழுதினது பதினேழாம் தேதி. இவர் டிக் போடறதை நிறுத்தினது ஏழாம் தேதி. லீவு கேட்டுச் சண்டை வந்தது இருபதுக்கு மேல, அது நீங்களே குடுத்த தேதி" என்றார் வக்கீலிடம். "உட்காருங்க."

தேதி பார்ப்பதே என் தொழில். அந்தத் தேதிகளை ஒரு தரமாவது பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. ஒரு வருஷத்துக்கு மேலாக அவர் வேலையைப் பறித்தவள் என்ற பாரத்தைச் சுமந்திருந்தேன். இப்போது சொல்கிறேன், அந்தப் பாரத்துக்குள் ஒரு சின்னப் பெருமையும் ஒளிந்திருந்தது. என் வார்த்தையால் ஒருவர் நிமிர்ந்தார் என்று. இரண்டும் சேர்ந்தே போயிற்று.

சில மாதம் கழித்துத் தீர்ப்பு நாகராஜுக்குச் சாதகமாக வந்தது. அவர் சாமராஜநகரில் அண்ணனோடு சேர்ந்து உரக்கடை வைத்தார். ஏழுமலையின் புது முதலாளிக்கு விஷயம் தெரிந்தது, கூப்பிட்டு விசாரித்தார், வேலையை எடுக்கவில்லை. ஆனால் செக் ஷீட் வேலையை அவரிடமிருந்து மாற்றிவிட்டார். ஞானமுத்து ஐயா இரண்டாயிரத்துக்குப் பிறகு நெடுநாள் இருக்கவில்லை. கடைசி வரை என்னை மறுபடி 'மிஸ் ரூபி' என்று கூப்பிடவேயில்லை.

அன்றைக்கு விசாரணை முடிந்து வெளியே வந்ததும் ஏழுமலையும் நானும் பஸ் ஸ்டாப்பில் நின்றோம். நாகராஜ் வக்கீலோடு உள்ளேயே இருந்தார்.

"என் பதில் வர்றதுக்கு முன்னாடியே நிறுத்திட்டீங்களா?" என்றேன்.

"ஆமாங்கக்கா. ஆறாம் தேதி உங்களுக்கு எழுதி, டப்பாவுல போட்டுட்டு வந்து படுத்தேன். மறுநாள் காலைல ஷீட்டை எடுத்தா டிக் போடக் கை போகல. எழுதினப்புறம் எப்படிங்க போடறது?"

"அப்ப நான் எழுதினது?"

"அது வர்றதுக்குள்ள ரெண்டு வாரம் ஆயிடுச்சுங்க. ஷாப்புல ஒருத்தரும் எங்கிட்ட பேசறதில்ல. நாகராஜ்கூட பயந்துகிட்டு வேற பெஞ்சுல போய்ச் சாப்பிட ஆரம்பிச்சிட்டான். அன்னைக்கு ரூமுக்கு வந்தா உங்க கவரு. மடிச்சுப் பையில வெச்சுகிட்டுத்தான் மறுநாள் வேலைக்குப் போனேன்."

"இதை ஏன் எங்கிட்ட முன்னாடியே சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லீங்களே."

பஸ் தூரத்தில் தெரிந்தது. அவர் சட்டைப் பையில் சில்லறையைத் துழாவிக்கொண்டே கேட்டார்: "கடைசிப் பாடத்துல ஒண்ணு கேட்டிருந்தேன், பதிலுக்கு ஏதோ அட்டை வந்துச்சு, அதுல அது இல்ல. எரேமியாவை எகிப்துக்கு இழுத்துட்டுப் போனாங்கன்னு இருக்கு. அப்புறம் அவரைப் பத்தி ஒண்ணுமே இல்ல. அவர் சாகும்போது கூட யாராவது இருந்தாங்களா?"

"அது எங்கயும் எழுதல" என்றேன். "ஆனா போகும்போது பாருக்குன்னு ஒருத்தரும் கூடப் போனார்னு இருக்கு. எரேமியா சொல்லச் சொல்ல எழுதினவர். அந்த ஒருத்தர்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு ஏழுமலை பஸ்ஸில் ஏறினார்.